பட்டாசல்ல ஃபுல் சிக்னல், அடுக்களைல ஜீரோ... நெல்லை வீடுகளுக்கு ரெண்டாவது ரௌட்டர் போடுவது எப்படி?

“ஏல, நீ பேசுறது ஒண்ணுமே கேக்கல. தார்சாவுக்கு வந்து பேசுல!”

திருநெல்வேலி டவுன், பாளையங்கோட்டை, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம்... தாமிரபரணிக் கரையில் எந்த ஊராக இருந்தாலும் சரி, பழைய வீடும் அதில் வைஃபையும் இருந்தால் இந்த வசனமும் இருக்கும். 100 எம்பிபிஎஸ் பிளானுக்கு மாசாமாசம் பணம் கட்டுகிறோம். முன்பக்கம் பட்டாசலில் உட்கார்ந்தால் 4கே வீடியோ வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. ரெண்டாங்கட்டு தாண்டியதும் வாட்ஸ்அப்பில் ஒரு டிக் விழவே யோசிக்கிறது. மச்சுக்குப் போனால் அதுவும் இல்லை.

ரீல்ஸ் சுத்துறது மட்டும்தான் பிரச்னை என்றால் விட்டுவிடலாம். தென்காசி பக்கம் மத்தளம்பாறையில் ஸோஹோ 2011-ல் அலுவலகம் திறந்தபோது ‘இந்த ஊர்ல ஐடி கம்பெனியா?’ என்று ஆச்சர்யப்பட்டவர்கள் உண்டு. கொரோனாவுக்குப் பிறகு சென்னை, பெங்களூரு கம்பெனி வேலையைச் சொந்த ஊர் வீட்டிலிருந்தே பார்ப்பது சகஜமாகிவிட்டது. ஆன்லைன் இன்டர்வியூவில் ரெண்டு தடவை முகம் உறைந்து நின்றால், எதிரில் இருப்பவர் நம் வீட்டுச் சுவரை நினைத்துப் பரிதாபப்பட மாட்டார். அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. ரௌட்டர் இருக்கும் பட்டாசலில் டி.வி ஓடும், தாத்தா சாய்ந்திருப்பார், விருந்தாளி வருவார். அங்கே உட்கார்ந்து ஆபீஸ் மீட்டிங் பேச முடியாது. படிக்கிற பொண்ணும், வீட்டிலிருந்து வேலை பார்க்கிற மருமகளும் லேப்டாப்போடு போய் உட்காருவது பின்கட்டு அறையில்தான். சிக்னல் எங்கே செத்துக் கிடக்கிறதோ, அங்கேதான் வேலை நடக்கிறது. ‘நெட் ஸ்லோ’ என்று அவர்கள் சொன்னால், ‘எனக்கு நல்லாத்தானே இருக்கு’ என்று முன்பக்கத்திலிருந்து பதில் வரும். ரெண்டு பேர் சொல்வதும் உண்மைதான்!

வில்லன் சுவர்தான்

நம்மூர் பழைய வீடுகளின் அமைப்பு அப்படி. அகலம் கம்மி, நீளம் ரயில் பெட்டி மாதிரி. திண்ணை, தார்சா, பட்டாசல், ரெண்டாங்கட்டு, அடுக்களை, புறவாசல் என்று போய்க்கொண்டே இருக்கும். நடுவில் வருகிற ஒவ்வொரு சுவரும் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் வைத்துக் கட்டியது. ஒன்றரை அடி, ரெண்டு அடி தடிமன் எல்லாம் சாதாரணம். சித்திரை வெயிலை உள்ளே விடாத அதே சுவர், வைஃபையையும் விடாது. புது கான்கிரீட் வீடு என்றால் தப்பித்தோம் என்று நினைக்க வேண்டாம். தளத்துக்குள் இருக்கும் கம்பி வலையைத் தாண்டி மாடிக்குப் போவதற்குள் சிக்னல் பாதி உயிர் போய்விடும்.

வைஃபை என்பது ரேடியோ அலை. நம் வீட்டு ரௌட்டர்கள் பெரும்பாலும் ரெண்டு அலைவரிசையில் பேசும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் பன்னிரண்டரை சென்டிமீட்டர். வேகம் கம்மி, ஆனால் சுவரைக் கொஞ்சம் முட்டி மோதி உள்ளே போகும். 5 கிகாஹெர்ட்ஸ் அலை அதில் பாதி நீளம்கூட இல்லை. வேகம் பிரமாதம், ஆனால் தடிமனான ஒரு சுவர் வந்தாலே சோர்ந்துவிடும். பட்டாசலில் கிடைக்கிற அந்த 4கே வேகம் 5 கிகாஹெர்ட்ஸ் தருவது. பின்கட்டுக்குப் போனதும் போன் தானாக 2.4-க்கு மாறிக்கொள்கிறது. அங்கே ஏற்கெனவே பக்கத்து வீடு, எதிர் வீடு, பின்வீடு ரௌட்டர்கள் எல்லாம் கத்திக்கொண்டிருக்கின்றன. மைக்ரோவேவ் அடுப்பும் இதே 2.4 பக்கம்தான் வேலை செய்கிறது. இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸை லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்தலாம் என்று அறிவித்தது 2005 ஜனவரியில். 5 கிகாஹெர்ட்ஸில் தாராளமாக இடம் திறந்துவிட்டது 2018 அக்டோபரில். அதனால்தான் பழைய ரௌட்டர்களில் பல 2.4 மட்டுமே தெரிந்தவை.

சுவர் எவ்வளவு பெரிய வில்லன் என்பதற்கு ஓர் உதாரணம். 2000-களின் நடுவில், தேனி அரவிந்த் கண் மருத்துவமனையைச் சுற்றியுள்ள ஊர்களின் கண் பரிசோதனை மையங்களோடு இணைக்க அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதே வைஃபை தொழில்நுட்பத்தைத்தான் பயன்படுத்தினார்கள். ஒரே திசையில் பாய்கிற ஆன்டெனாவை உயரமான கோபுரத்தில் வைத்து, மென்பொருளில் சில மாற்றங்களைச் செய்து, பல கிலோமீட்டர் தூரத்துக்கு வீடியோ கால் போனது. கிராமத்தில் இருந்த நோயாளியின் கண்ணைப் பற்றி தேனியில் இருந்த டாக்டர் பேசினார். இடையில் தடையே இல்லாத வெட்டவெளி என்றால் கிலோமீட்டர் கணக்கில் போகிற அலை, நம் வீட்டில் ரெண்டு சுவருக்குள் மூச்சு வாங்குகிறது.

பணம் செலவழிக்கும் முன் ரெண்டு டெஸ்ட்

ரெண்டாவது ரௌட்டர் வாங்குவதற்கு முன்னால், பிரச்னை லைனிலா, வைஃபையிலா என்று தெரிய வேண்டும். ரௌட்டருக்குப் பக்கத்தில் நின்று ஒரு ஸ்பீடு டெஸ்ட் போடுங்கள். அங்கேயே வேகம் வரவில்லை என்றால், எத்தனை ரௌட்டர் வாங்கி அடுக்கினாலும் பிரயோஜனம் இல்லை. கேபிள் அண்ணாச்சிக்குத்தான் போன் போட வேண்டும். பெட்டியில் ‘லாஸ்’ என்கிற விளக்கு சிவப்பாக மின்னினால் ஃபைபர் ஒளியே வந்து சேரவில்லை என்று அர்த்தம். பக்கத்தில் நல்ல வேகம், பின்கட்டில் பத்தில் ஒரு பங்கு என்றால்தான் இந்தக் கட்டுரை உங்களுக்கானது.

ஆண்ட்ராய்டு போனில் ‘வைஃபை அனலைசர்’ வகை ஆப் ஒன்றைப் போட்டுக்கொண்டு வீடு முழுக்க நடந்து பாருங்கள். சிக்னல் அளவு மைனஸ் எண்ணில் காட்டும். மைனஸ் 50 என்றால் அருமை. மைனஸ் 67 வரை வீடியோ கால் தாங்கும். மைனஸ் 80 என்றால் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாலும் வேலைக்கு ஆகாது. எந்த அறையில் எவ்வளவு என்று ஒரு துண்டுச்சீட்டில் குறித்து வையுங்கள். பிறகு வரும் எல்லா முடிவுக்கும் இந்தச் சீட்டுதான் ஆதாரம்.

இடத்தை மாத்தினாலே பாதி தீரும்

கனெக்‌ஷன் கொடுக்க வருகிறவர், ஒயர் நுழைகிற இடத்திலேயே பெட்டியை மாட்டிவிட்டுப் போவார். தெருப்பக்க ஜன்னல், டி.வி-க்குப் பின்னால், மீட்டர் பாக்ஸுக்குக் கீழே. அதாவது, பாதி சிக்னல் தெருவுக்கு. சிலர் அழகுக்காக ஷோகேஸ் உள்ளேயும், பத்திரத்துக்காக இரும்பு பீரோ மேலேயும் வைக்கிறார்கள். பீரோ, பெரிய கண்ணாடி, தண்ணீர்த் தொட்டி மூன்றுமே ரேடியோ அலைக்கு ஆகாது.

அக்ரஹாரத்து வீடுகள் பலவற்றில் ஒரு வசதி உண்டு. வாசலில் நின்றால் கொல்லை தெரியும். கதவுகள் எல்லாம் ஒரே நேர்க்கோட்டில் இருக்கும். அந்தக் கோட்டின் மேல், ஆள் உயரத்துக்குச் சற்று மேலே ரௌட்டரை வைத்தால், சுவரை உடைத்துக்கொண்டு போக வேண்டிய அவசியமே இல்லாமல் கதவு வழியாக அலை உள்ளே போகும். ஃபைபர் ஒயரை இன்னும் இருபது, முப்பது அடி உள்ளே இழுத்துத் தரச் சொல்லிக் கேளுங்கள். கூச்சப்படாமல் முதல் நாளே கேட்பது நல்லது. அப்புறம் கேட்டால், ‘நாளைக்கு வாரேன்’தான்.

இதைச் செய்தும் பின்கட்டில் மைனஸ் 75-ஐத் தாண்டுகிறதா? சரி, அடுத்த கட்டத்துக்கு வருவோம்.

ரிப்பீட்டரும் கடைமடையும்

கடையில் கேட்டால் முதலில் எடுத்து நீட்டுவது ப்ளக்கில் சொருகுகிற ரிப்பீட்டர். ஒயர் வேண்டாம், சுலபம். ஆனால், இதை வாங்கும் பலரும் செய்வது என்ன? சிக்னலே இல்லாத அறையில் கொண்டுபோய் மாட்டுவது. கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் வயல் வைத்திருப்பவர்களிடம் கேட்டால் தெரியும். கடைமடைக்குத் தண்ணியே வரவில்லை என்றால், அங்கே போய் மோட்டார் வைத்து என்ன இறைப்பது? ரிப்பீட்டர் தானாக எதையும் உற்பத்தி செய்யாது. கேட்பதைத் திருப்பிச் சொல்லும், அவ்ளோதான். எனவே அது நன்றாகக் கேட்கிற இடத்தில், அதாவது மைனஸ் 60, 65 காட்டுகிற நடுப்பகுதியில் இருக்க வேண்டும்.

அப்போதும் ஒரு குறை தீராது. ஒரே அலைவரிசையில் ரௌட்டரிடம் கேட்டு, அதே அலைவரிசையில் உங்களிடம் சொல்ல வேண்டும் என்பதால், வேகம் கிட்டத்தட்ட பாதியாகும். வாட்ஸ்அப், யுபிஐ, பாட்டு கேட்பதற்கு இது போதும். ஒரு மணி நேர மீட்டிங்குக்கு நம்பி உட்கார முடியாது. வாடகை வீடு, ஒயர் இழுக்க ஓனர் விட மாட்டார் என்றால் மட்டும் ரிப்பீட்டர் என்பது என் கட்சி.

ஒயர் போட்டு ரெண்டாவது ரௌட்டர்

நிலையான நெட் வேண்டும் என்றால் இதுதான் வழி. முன்பக்க ரௌட்டரிலிருந்து ஒரு லேன் ஒயர் பின்கட்டுக்குப் போகிறது. அங்கே ரெண்டாவது ரௌட்டர் புதிதாக வைஃபை கொடுக்கிறது. சுவரைத் தாண்டும் வேலையை ஒயர் பார்த்துக்கொள்கிறது. இதை ‘ஆக்சஸ் பாயின்ட்’ என்பார்கள்.

புதிதாக வாங்க வேண்டும் என்றுகூட இல்லை. முன்பு கனெக்‌ஷன் மாற்றியபோது பரணில் போட்ட உங்கள் சொந்த ரௌட்டர் இருந்தால் எடுங்கள். (கம்பெனிக்குத் திருப்பித் தர வேண்டிய பெட்டி என்றால் தொட வேண்டாம்.) அது 2.4 மட்டும் தெரிந்த பழைய மாடல் என்றாலும் பின்கட்டுக்கு உயிர் வரும். ஆனால், அதன் போர்ட்டுகள் 100 எம்பிபிஎஸ் வகை என்றால் அதற்கு மேல் வேகம் வராது. வாங்குவதாக இருந்தால் ரெண்டு அலைவரிசையும், கிகாபிட் போர்ட்டும் உள்ளதாகப் பாருங்கள்.

இப்போது செட்டிங்ஸ். முதலில் பின்னால் இருக்கும் ரீசெட் ஓட்டையில் குண்டூசியை விட்டு, விளக்குகள் எல்லாம் ஒரு தடவை அணைந்து எரியும் வரை அழுத்துங்கள். பிறகு போனையோ, லேப்டாப்பையோ அந்த ரௌட்டரில் இணைத்து, அதன் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள முகவரியை பிரவுசரில் அடியுங்கள். பெரும்பாலும் 192.168.0.1 அல்லது 192.168.1.1 ஆக இருக்கும். போனில் செய்தால் மொபைல் டேட்டாவை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பக்கம் திறக்காமல் அலைக்கழிக்கும். உள்ளே ‘ஆக்சஸ் பாயின்ட் மோட்’ என்று ஒரு ஆப்ஷன் இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்து, வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்தால் வேலை முடிந்தது. அந்த மோடில் எந்த போர்ட்டில் ஒயர் சொருக வேண்டும் என்பதை ரௌட்டரே சொல்லும்.

அந்த ஆப்ஷன் இல்லாத பழைய மாடலில் கையால் செய்ய வேண்டும். இதில் வரிசை முக்கியம். முதலில் வைஃபை பெயர், பாஸ்வேர்டு, சேனல் ஆகியவற்றைப் போட்டு சேவ் செய்யுங்கள். அடுத்து ‘லேன்’ பக்கத்தில் ஐபி முகவரியை மாற்றுங்கள். மெயின் ரௌட்டர் 192.168.1.1 என்றால் இதற்கு 192.168.1.2. ரெண்டுக்கும் ஒரே நம்பர் என்றால், ஒரே தெருவில் ஒரே கதவு எண்ணில் ரெண்டு வீடு இருக்கிற கதைதான். சேவ் செய்ததும் இணைப்பு அறுந்துவிடும், பயப்பட வேண்டாம். மறுபடி இணைத்து, இந்த முறை புது நம்பரை அடித்து உள்ளே போங்கள். கடைசியாக, டிஹெச்சிபி என்பதை ஆஃப் செய்யுங்கள்.

அது என்ன டிஹெச்சிபி? வீட்டுக்குள் வரும் ஒவ்வொரு போனுக்கும் ஒரு நம்பர் கொடுக்கிற ஆள். கல்யாணப் பந்தியில் ரெண்டு பேர் தனித்தனியாக டோக்கன் கொடுத்தால் என்ன ஆகும்? அதேதான் இங்கேயும். ‘கனெக்டட், ஆனா இன்டர்நெட் இல்ல’ என்று போன் காட்டுவதற்கு முக்கியமான காரணங்களில் இது ஒன்று. டோக்கன் கொடுக்கிற வேலை மெயின் ரௌட்டருக்கு மட்டும். அதன் செட்டிங்ஸுக்குள் போய், அது கொடுக்கும் நம்பர்கள் 2-லிருந்து தொடங்குகிறதா என்று ஒரு தடவை பாருங்கள். அப்படி இருந்தால் 10-லிருந்து தொடங்கும்படி மாற்றிவிட்டால், நாம் வைத்த 192.168.1.2 வேறு யாருக்கும் போகாது.

இப்போது ஒயர். மெயின் ரௌட்டரின் லேன் போர்ட்டிலிருந்து ரெண்டாவது ரௌட்டரின் லேன் போர்ட்டுக்கு. வேறு நிறத்தில் தனியாக இருக்கும் ‘வேன்’ போர்ட்டைத் தொட வேண்டாம். அதில் சொருகினாலும் நெட் வரும். அதனால்தான் பலரும் ஏமாறுகிறார்கள். ஆனால், வீட்டுக்குள் ரெண்டு தனித்தனி நெட்வொர்க் உருவாகிவிடும். பின்கட்டிலிருந்து பட்டாசல் டி.வி-க்கு வீடியோ அனுப்ப முடியாது, பிரின்டர் கண்ணுக்குத் தெரியாது.

வைஃபை பெயர், பாஸ்வேர்டு, பாதுகாப்பு வகை மூன்றும் ரெண்டு ரௌட்டரிலும் ஒரே மாதிரி இருக்கட்டும். நடக்க நடக்க போன் தானாக மாறிக்கொள்ளும். சேனல் மட்டும் வேறு வேறாக வேண்டும். 2.4-ல் ஒன்றோடொன்று மோதாதவை 1, 6, 11 ஆகிய மூன்றுதான். மெயின் 1 என்றால் இது 6 அல்லது 11. சுவரோடு சுவர் ஒட்டிய தெருவில் பக்கத்து வீட்டுக்காரர் எதில் இருக்கிறார் என்பதையும் அனலைசரில் பார்த்துக்கொள்ளுங்கள்.

எப்போது மாற வேண்டும் என்று முடிவு செய்வது ரௌட்டர் அல்ல, உங்கள் போன். சில போன்கள் பாசக்காரர்கள். பட்டாசல் சிக்னலை விட மனசில்லாமல் அடுக்களை வரை பிடித்துக்கொண்டே வரும். அப்படி என்றால் ஒரு ரௌட்டரின் ‘டிரான்ஸ்மிட் பவர்’ அளவைக் குறைத்துப் பாருங்கள். பேச்சுக்கு இது தலைகீழாகத் தெரியும், ஆனால் வேலை செய்கிறது.

கூடவே போனில் ‘வைஃபை காலிங்’ ஆன் செய்துவிடுங்கள். தடிச்சுவர் வீட்டில் செல்போன் டவரும் உள்ளே வராது என்பதால், இனி சாதாரண அழைப்பும் வைஃபை வழியாகவே வரும். தார்சாவுக்கு ஓடும் வேலை மிச்சம்.

ஒயர் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம்

கேட் 6, முழுச் செம்பு என்று கேட்டு வாங்குங்கள். அலுமினியத்துக்கு மேல் செம்பு பூசியது விலை கம்மி, ஆனால் சீக்கிரம் காலை வாரும். ஒரே இழுப்பில் 100 மீட்டர் வரை லேன் ஒயர் வேலை செய்யும், எனவே எவ்வளவு நீள வீடும் இதற்குள் அடங்கும். சுண்ணாம்புச் சுவரில் டிரில் போட்டால் கையகலம் காரை பெயர்ந்து வரும். வென்டிலேட்டர் வழியாகவோ, பழைய டி.வி கேபிள் போன பாதையிலோ கொண்டுபோவது புத்திசாலித்தனம். கரன்ட் ஒயர் போகும் அதே பைப்பில் மட்டும் போடக் கூடாது. தட்டட்டி மேலே கொண்டுபோவதாக இருந்தால், வெயில் தாங்குகிற வெளிப்புற வகையை வாங்கி பைப்புக்குள் விடுங்கள். அணிலுக்கும் எலிக்கும் அதைக் கடித்துப் பார்ப்பதில் தனி ருசி. பாபநாசம் பக்கம் என்றால் குரங்கையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

‘மெஷ் வாங்கினா எல்லாம் சரியாயிரும்’ என்று ஒருவர் சொல்லத்தான் செய்வார். மெஷ் நல்ல விஷயம்தான். போனை ஒரு பெட்டியிலிருந்து இன்னொன்றுக்கு நாசூக்காகக் கைமாற்றிவிடும், செட்டிங்ஸும் ஒரே ஆப்பில் முடியும். ஆனால், ஒயர் இல்லாத மெஷ் பெட்டிகளும் ஒன்றோடொன்று ரேடியோவில்தான் பேசியாக வேண்டும். ரெண்டடிச் சுவர் அவற்றுக்கு மட்டும் வழிவிடாது. காசு இருந்தால் மெஷ் வாங்குங்கள், அதையும் ஒயரிலேயே இணையுங்கள்.

கரன்ட் போனால்?

மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையில் கரன்ட் போகும் நாளில்தான் இந்த செட்டப்பின் பலவீனம் தெரியும். முன்பக்க ரௌட்டர் இன்வெர்ட்டர் லைனில் இருக்கும். பின்கட்டு ப்ளக் அந்த லைனில் இருக்காது. முன்னால் நெட் இருக்கும், மீட்டிங்கில் இருப்பவருக்கு மட்டும் போய்விடும். ரௌட்டருக்கென்றே சின்ன யுபிஎஸ் கிடைக்கிறது; ரெண்டு பெட்டிக்கும் ஒவ்வொன்று வையுங்கள். வாங்கும் முன் ரௌட்டர் அடாப்டரில் 9 வோல்ட்டா, 12 வோல்ட்டா, எத்தனை ஆம்பியர் என்று பார்த்துவிட்டுப் போங்கள். தப்பான வோல்ட்டேஜ் பெட்டியையே காலி செய்துவிடும்.

ஐப்பசி, கார்த்திகை இடி மழைக்கு இன்னொரு கணக்கு. ஃபைபர் கண்ணாடி இழை, அது மின்சாரத்தைக் கடத்தாது. நாம் இழுக்கிற லேன் ஒயர் செம்பு, அது கடத்தும். வீட்டுக்குள்ளேயே போகிறவரை பெரிய ஆபத்து இல்லை. தட்டட்டி மேலே திறந்தவெளியில் போகிற ஒயர் என்றால், பலத்த இடியின்போது ரெண்டு முனையையும் கழற்றி வைப்பது நல்லது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டித் தீர்த்த மழையில் நெல்லையிலும் தூத்துக்குடியிலும் கரன்ட், போன் எல்லாம் சேர்ந்து போனது நினைவிருக்கும். அந்த மாதிரி நேரத்தில் எத்தனை ரௌட்டர் இருந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது. முக்கியமான இன்டர்வியூ, ஆன்லைன் பரீட்சை நாளில் வேறு கம்பெனி சிம்மில் டேட்டா வைத்திருங்கள். ஹாட்ஸ்பாட் எந்த ஜன்னலோரம் எடுக்கிறது என்று முந்தின நாளே பார்த்து வையுங்கள்.

வளவு முழுக்கக் கொடுக்கலாமா?

ஒரே வளவுக்குள் நாலு வீடு, நாலும் சொந்தக்காரர்கள். ‘எதுக்கு நாலு கனெக்‌ஷன்? ஒரு ஒயரை இழுத்து அத்தை வீட்டுக்கும் ஒரு ரௌட்டர் போட்டுருவோமே’ என்ற யோசனை கண்டிப்பாக வரும். முதலாவது, இன்னொரு வீட்டுக்கு இணைப்பைப் பகிர்வதை இன்டர்நெட் கம்பெனிகளின் விதிமுறைகள் பொதுவாக அனுமதிப்பதில்லை. ரெண்டாவது, அந்த இணைப்பில் யார் என்ன செய்தாலும் வெளியே தெரிவது உங்கள் பெயரில் இருக்கும் முகவரி. மூன்றாவது, வீடு விட்டு வீடு வெளியில் போகும் செம்பு ஒயர், மேலே சொன்ன இடி.

அத்தை பையன் உங்கள் வீட்டுக்கு வந்து உட்காரும்போது நெட் வேண்டும் என்றால், மெயின் ரௌட்டரில் ‘கெஸ்ட் நெட்வொர்க்’ ஆன் செய்து தனி பாஸ்வேர்டு கொடுங்கள். அவன் அதை வளவு முழுக்கச் சொல்லிவிடுவான். அது மட்டும் உறுதி. மாசம் ஒரு தடவை மாற்றிக்கொள்ளுங்கள்.